ஒரு நாளைச் சும்மா விட்டு வையுங்கள்

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்கள் ஒரு காலத்தில் விடுமுறை என்றால் சொந்த ஊருக்குப் போய்வருவார்கள். மிஞ்சிப் போனால் ராமேசுவரம், கன்னியாகுமரி. இப்போது காலம் மாறியிருக்கிறது. பிள்ளைகள் நன்றாகச் சம்பாதிக்கிறார்கள். பெற்றோரை ஒரு முறையாவது விமானத்தில் ஏற்றிவிட வேண்டும், கடல் நடுவே ஒரு தீவைக் காட்டிவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். பாஸ்போர்ட் வேண்டாம், பாஷை பிரச்சினை இல்லை என்பதால் முக்கால்வாசிப் பேர் தேர்ந்தெடுப்பது அந்தமானைத்தான். மிகவும் சந்தோஷம். ஆனால் அவர்கள் போய்வரும் விதத்தைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சமீபத்தில் சித்தூர் நண்பர் ஒருவர் டிராவல் ஏஜென்ட் தயாரித்துக் கொடுத்த திட்டத்தை என்னிடம் காட்டினார். நான்கு இரவு, ஐந்து பகல். முதல் நாள் விமானம் இறங்கியதும் செல்லுலார் சிறை. இரண்டாம் நாள் ஸ்வராஜ் தீவு, மூன்றாம் நாள் அங்கேயே, நான்காம் நாள் ஷஹீத் தீவு. ஐந்தாம் நாள் காலைப் படகில் ஷஹீத் தீவிலிருந்து கிளம்பி, தலைநகரின் படகுத்துறையில் இறங்கி, அங்கிருந்து நேரே விமான நிலையம், மதிய விமானத்தில் சென்னை. உடன் வருபவர்கள் 74 வயது அம்மா, இரண்டு பேரக்குழந்தைகள்.

தாளில் பார்க்க அழகான திட்டம்தான். ஒரு மணி நேரம்கூட வீணில்லை. அதுதான் அதில் உள்ள கோளாறே.

ரயில்வேயில் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் தண்டவாளப் பராமரிப்பில் காலம் தள்ளியவன் நான். ரயில் டைம்டேபிளைக் கவனித்துப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். கடைசி ஸ்டேஷனுக்கு முந்தின ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிஷ ஓட்டம்தான் இருக்கும். டைம்டேபிளில் அரை மணி போட்டிருக்கும். பொதுஜனங்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டாம். லைனில் எங்கேயாவது வேலை நடக்கும். நாங்கள் காஷன் ஆர்டர் கொடுத்து ரயிலை 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டச் சொல்வோம். எங்கேயாவது மாடு குறுக்கே வரும், யாராவது சங்கிலியை இழுப்பார்கள். இவை எல்லாம் நடக்கும் என்று முன்கூட்டியே தெரியும். எங்கே நடக்கும் என்றுதான் தெரியாது. ஆகவே அதற்கென்று கொஞ்சம் நேரத்தைச் சும்மா ஒதுக்கி வைப்பார்கள். ரெகவரி டைம் என்று பெயர். அது இல்லாத டைம்டேபிள், டைம்டேபிளே அல்ல. வெறும் ஆசைப் பட்டியல்.

இரும்புத் தண்டவாளத்தின் மேல் ஓடும் வண்டிக்கே அப்படி என்றால், கடல் மேல் ஓடும் படகுக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும்? அரை மணி போதாது. ஒரு முழு நாள் வேண்டும் என்பது என் கட்சி.

2016 டிசம்பர் முதல் வாரத்தில் நடந்ததை நினைவுபடுத்துகிறேன். ஸ்வராஜ் தீவுக்கு அப்போது ஹேவ்லாக் என்று பெயர், ஷஹீத் தீவுக்கு நீல் என்று பெயர். வங்கக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலத்தால் கடல் கொந்தளித்து, படகுகள் நிறுத்தப்பட்டன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் நாள் கணக்கில் அந்தத் தீவுகளில் மாட்டிக்கொண்டார்கள். கடைசியில் கடற்படையும் கடலோரக் காவல் படையும் போய்த்தான் அழைத்து வந்தன. அதே சின்னம் மேற்கே நகர்ந்து வர்தா புயலாகி, டிசம்பர் 12 அன்று சென்னை அருகே கரையைக் கடந்ததும், நம் பக்கம் வரை மழை கொட்டியதும் நம்மில் பலருக்கு மறந்திருக்காது. நமக்கு அது ஒரு வாரம் கழித்து வந்த மழை. அங்கிருந்தவர்களுக்கு விமானம் தவறிய வாரம்.

புயல் வந்தால்தான் படகு நிற்கும் என்றும் இல்லை. காற்று கொஞ்சம் பலமாக வீசினாலும் நிற்கும். எஞ்சின் கோளாறு என்றாலும் நிற்கும். அன்றைக்குப் போகவேண்டிய அத்தனை பேரும் மறுநாள் படகுக்கு முண்டியடிப்பார்கள்.

ஆகவே என் யோசனை இதுதான். வெளித் தீவுகளை முதலில் முடித்துவிடுங்கள். விமானம் இறங்கிய அன்று தலைநகரில் ஓய்வு. மறுநாளே ஸ்வராஜ் தீவுக்குக் கிளம்புங்கள். அங்கிருந்து ஷஹீத் தீவு. பிறகு தலைநகருக்குத் திரும்பி, அங்கே ஒரு முழு நாளை ஒன்றும் போடாமல் வைத்துக்கொண்டு, அதற்கு மறுநாள் விமானம் ஏறுங்கள். செல்லுலார் சிறையைக் கடைசிக்குத் தள்ளுங்கள். அது எங்கேயும் ஓடிப்போகாது. சும்மா விடும் நாளைத் தொடக்கத்திலோ நடுவிலோ வைப்பதில் பிரயோஜனம் இல்லை. ரெகவரி டைம் கடைசி ஸ்டேஷனுக்கு முன்னால்தான் இருக்க வேண்டும்.

ஏஜென்ட் உடனே சொல்வார், "சார், ஒரு நாள் கூடுதலாக ஹோட்டல் செலவு ஆகுமே" என்று. ஆகத்தான் செய்யும். ஆனால் விமானத்தைத் தவறவிட்டு, ஐந்து பேருக்கு அன்றைக்கன்று டிக்கெட் எடுத்தால் என்ன ஆகும் என்பதையும் அவரிடம் கேளுங்கள். வேறு வழியில்லை, லீவு கிடைக்கவில்லை என்றால் ஷஹீத் தீவை விட்டுவிடுங்கள். இரண்டு தீவுகளை மூச்சிரைக்கப் பார்ப்பதைவிட ஒரு தீவை உட்கார்ந்து பார்ப்பது மேல்.

எந்த மாதம் போவது என்பதிலும் நம்மவர்கள் பள்ளிக்கூட விடுமுறையை மட்டும் பார்க்கிறார்கள், வானத்தைப் பார்ப்பதில்லை. அந்தமானில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. நம் ஊரைப்போல் மூன்று மடங்குக்கு மேல். தென்மேற்குப் பருவமழை கேரளாவுக்கு ஜூன் 1 வாக்கில் வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதற்குச் சுமார் பத்து நாள் முன்பே, மே மூன்றாம் வாரத்தில், அந்தமானைத் தொட்டுவிடும் என்பது பலருக்குத் தெரியாது. ஆகவே கோடை விடுமுறையில்தான் முடியும் என்பவர்கள் ஏப்ரல் கடைசியிலேயே போய்விட வேண்டும். மே கடைசியில் டிக்கெட் மலிவாக இருக்கிறதே என்றால், காரணம் இல்லாமல் மலிவாக இருக்காது. நவம்பர், டிசம்பர் புயல் மாதங்கள். நமக்கு வாய்த்த நல்ல காலம் ஒன்று உண்டு. ஆந்திராவில் பள்ளிகளுக்குச் சங்கராந்தி விடுமுறை தமிழ்நாட்டைவிடத் தாராளம். ஜனவரியில் கடலும் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். பொங்கலை வீட்டில் கொண்டாட வேண்டும் என்று மாமியார் பிடிவாதம் பிடித்தால் அதற்கு என்னிடம் யோசனை இல்லை.

ரேணிகுண்டாவிலிருந்து அந்தமானுக்கு நேர் விமானம் கிடையாது. சென்னை போயாக வேண்டும். திருப்பதியிலிருந்தும் சித்தூரிலிருந்தும் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். காலை விமானத்துக்கு விடியற்காலை காரில் கிளம்பினால் போதும் என்று கணக்குப் போடுகிறார்கள். ஊத்துக்கோட்டையிலோ ராணிப்பேட்டையிலோ லாரி ஒன்று குறுக்கே நின்றால் கணக்கு போச்சு. முதல் நாள் மாலையே சப்தகிரியிலோ வேறு வண்டியிலோ போய், சென்னையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுங்கள். சொந்தக்காரர்களைப் பார்த்ததும் ஆயிற்று. கப்பலிலும் போகலாம், சென்னையிலிருந்து அரசுக் கப்பல் உண்டு, சுமார் மூன்று நாள் பிரயாணம். தினம் கிடையாது, மாதத்தில் சில நடைதான். வாலிபர்களுக்கு நல்ல அனுபவம். வயதானவர்களை அதில் ஏற்றாதீர்கள். விமானத்தில் சுமார் 1,370 கிலோமீட்டரை இரண்டரை மணிக்குள் கடந்துவிடலாம்.

அங்கே போனதும் எல்லாரும் ஏமாறுவது பொழுதில். கடிகாரம் இந்திய நேரத்தைத்தான் காட்டும். சூரியனுக்கு அது தெரியாது. திருப்பதியைவிட அந்தமான் சுமார் பதின்மூன்று பாகை கிழக்கே இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிஷம் என்று பெருக்கிக்கொள்ளுங்கள், ஐம்பது நிமிஷத்துக்கு மேல் வருகிறது. ஜனவரி நடுவில் திருப்பதியில் ஆறு மணி வாக்கில் சூரியன் மறையும் என்றால், அங்கே ஐந்தேகாலுக்கே மறைந்துவிடும். "வெயில் தாழட்டும், நாலரைக்குக் கிளம்பலாம்" என்று நம் வழக்கப்படி மதியத் தூக்கம் போட்டால், கடற்கரைக்குப் போய்ச் சேரும்போது இருட்டத் தொடங்கியிருக்கும். காலை ஐந்தரைக்கு எழுந்துவிடுங்கள். திருமலையில் சுப்ரபாதத்துக்கு எழுந்து பழகிய ஊர்க்காரர்களுக்கு இது ஒரு பெரிய விஷயமா?

படகு நிறுத்தப்பட்டால் கவுன்டரில் இருக்கும் ஊழியரோடு சண்டை போடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். "காற்றே இல்லையே, ஏன் நிறுத்தினீர்கள்?" என்று கேட்கிறார்கள். படகுத்துறை வளைகுடாவுக்குள் இருக்கிறது, அங்கே காற்று தெரியாது. வெளியே திறந்த கடலில்தான் தெரியும். இதற்கு நம் பாம்பன் பாலத்தை உதாரணம் சொல்வேன். 1914ல் திறந்த பழைய பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி ஒன்று வைத்திருந்தார்கள். மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகவே சிவப்புக்கு மாறிவிடும். டிரைவர், கார்டு, ஸ்டேஷன் மாஸ்டர் யாருடைய தைரியத்துக்கும் அங்கே இடமில்லை. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியில் ஒரு ரயிலே பயணிகளோடு அலையில் போனதைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். ராமேசுவரம் வண்டி மண்டபத்தில் மணிக்கணக்கில் நின்றால் ஒரு கிழவர்கூட முணுமுணுக்க மாட்டார். 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறந்த பிறகும் காற்றுக்கு மரியாதை கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது. படகில் அப்படித் தானாக மாறும் சிக்னல் இல்லை. துறைமுக அதிகாரி ஒருவர் "இல்லை" என்று சொல்கிறார், அவ்வளவுதான். அவரை நாம் கூச்சல் போட்டு "சரி" சொல்ல வைக்கக் கூடாது. வைகுண்டம் கியூ வளாகத்தில் பன்னிரண்டு மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்திருக்கிற நமக்குப் படகுத்துறையில் இரண்டு மணி நேரம் தாங்காதா?

இதைவிட முக்கியமானது, சிறு படகுகள். தீவிலிருந்து தீவுக்குப் போகும் பெரிய படகுகளில் ஆள் எண்ணிக்கை, டிக்கெட், அடையாள அட்டை எல்லாம் பார்ப்பார்கள். பக்கத்துத் தீவுக்கும் பவளம் பார்க்கவும் அழைத்துப் போகும் சுற்றுலாப் படகுகளில்தான் கவனம் வேண்டும். 2014 ஜனவரி 26 அன்று, ராஸ் தீவிலிருந்து நார்த் பே போன ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்களில் பலர் காஞ்சிபுரத்திலிருந்து குழுவாகப் போன நம் மக்கள். 25 பேர் ஏறவேண்டிய படகில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் ஏறியிருந்தார்கள். கடலில்தான் என்றில்லை. நம் ஆந்திராவில் 2019 செப்டம்பரில் பாபிகொண்டலு பார்க்கப் போன படகு கோதாவரியில் கவிழ்ந்து சுமார் 50 பேர் போனார்கள்.

ரயில் பெட்டியில் 72 பேர் இடத்தில் 150 பேர் ஏறினால் மூச்சு முட்டும், பெட்டி கவிழாது. படகு அப்படி அல்ல. பாரம் கூடக் கூடப் படகு தண்ணீரில் தாழும். விளிம்புக்கும் தண்ணீருக்கும் உள்ள இடைவெளி குறையும். ஆட்கள் மேல்தளத்தில் ஏறினால் பாரத்தின் மையம் மேலே போகும். அந்த நிலையில் "டால்பின், டால்பின்" என்று ஒருவர் கத்த, அத்தனை பேரும் ஒரே பக்கம் ஓடினால், படகு ஒருக்களித்து, தண்ணீர் உள்ளே வரும். உள்ளே வந்த தண்ணீரும் சாய்ந்த பக்கமே ஓடும். சாய்வு இன்னும் கூடும். அதற்குப் பிறகு படகோட்டி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் பயனில்லை.

ஏறுமுன் படகில் எழுதியிருக்கும் ஆள் எண்ணிக்கையைப் பாருங்கள். ஏறியிருப்பவர்களை எண்ணுங்கள். எண்ணுவதற்கு இன்ஜினியரிங் படிக்க வேண்டியதில்லை, பேரனிடம் சொன்னால் விளையாட்டாகவே எண்ணிவிடுவான். கூடுதலாக இருந்தால் இறங்கிவிடுங்கள். பணம் போனால் போகட்டும். லைஃப் ஜாக்கெட் சீட்டுக்கு அடியில் இருக்கிறது என்றால் போதாது. உடம்பில் இருக்க வேண்டும், வார்களை இழுத்துக் கட்டியிருக்க வேண்டும். குழந்தைக்குப் பெரியவர்கள் ஜாக்கெட்டைப் போட்டால் தண்ணீரில் அது மேலே நழுவி, குழந்தை கீழே போய்விடும். குழந்தை அளவு இருக்கிறதா என்று கேளுங்கள்; இல்லை என்றால் அந்தப் படகு வேண்டாம். பெண்கள் புடவைக்கு மேல் ஜாக்கெட் போடக் கூச்சப்படுகிறார்கள். புகைப்படம் நன்றாக வராதாம்! குழு தலைவராகப் போகிறவர் இந்த ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

கடலில் குளிப்பதிலும் அப்படித்தான். உயிர்காப்பாளர் காட்டும் இடத்தில் மட்டும் இறங்குங்கள். அந்தமானில் உப்புத் தண்ணீர் முதலைகள் உண்டு. 2010ல் ஹேவ்லாக்கில் வெளிநாட்டுப் பயணி ஒருவர் முதலைக்குப் பலியானார். அலையாத்திக் காடும் கழிமுகமும் உள்ள பக்கம் போகவே வேண்டாம். அறிவிப்புப் பலகை சும்மா வைப்பதில்லை.

வயதானவர்களோடு போகிறவர்கள் மருந்து மாத்திரையைப் போகும் நாட்களுக்கு மட்டும் எண்ணி எடுத்துப் போகாதீர்கள். ஒரு வாரத்துக்குக் கூடுதலாக, அதுவும் கைப்பையில். பெரிய ஆஸ்பத்திரி என்பது தலைநகரில்தான், ஜி.பி. பந்த் மருத்துவமனை. வெளித் தீவுகளில் ஆரம்ப சுகாதார நிலையம் அளவில்தான் வசதி. நெஞ்சுவலி வந்தால் அங்கிருந்தும் படகுதான். சமீபத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் ஸ்வராஜ் தீவில் இரவு தங்கலாமா என்பதை டாக்டரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். மகனின் உற்சாகத்தைக் கேட்டு வேண்டாம். படகு குமட்டலுக்கு மாத்திரை ஏறுவதற்கு அரை மணி முன்பே போட வேண்டும், குமட்டின பிறகு அல்ல.

சாப்பாட்டுக்கும் பேச்சுக்கும் கவலையில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கில் அங்கே தமிழ் பேசுவோர் சுமார் 15 சதவீதம், தெலுங்கு பேசுவோர் சுமார் 13 சதவீதம். வீட்டில் ஒன்று, கடைத்தெருவில் ஒன்று என்று இரண்டையும் பேசிப் பழகிய சித்தூர்க்காரருக்கு ஆட்டோக்காரரோடு பேரம் பேச எந்த ஊரிலும் இவ்வளவு சௌகரியம் கிடையாது. கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். 2020ல் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் போட்ட பிறகு தொலைபேசி எவ்வளவோ தேவலை என்றாலும், சிறு தீவுகளில் செல்போனை நம்பிப் பணப்பையை வீட்டில் வைத்துவிட்டுப் போகக் கூடாது. ஊர்ப் பெயர்களிலும் குழப்பம் வரும். 2018ல் தீவுகளின் பெயரை மாற்றினார்கள். போர்ட் பிளேரை 2024ல் ஸ்ரீ விஜயபுரம் ஆக்கினார்கள். டிக்கெட்டில் ஒரு பெயர், ஹோட்டல் சீட்டில் ஒரு பெயர் இருந்தால் பதற வேண்டாம்.

பாராடாங் சுண்ணாம்புக் குகைக்குப் போகும் சாலை ஜாரவா பழங்குடியினரின் காட்டின் வழியே போகிறது. வண்டியை நிறுத்துவதும், படம் எடுப்பதும், பிஸ்கட் கொடுப்பதும் சட்டப்படி குற்றம். சட்டம் இருக்கட்டும், மனிதரை வேடிக்கை பார்க்க வண்டி கட்டிக்கொண்டு போவது எனக்குச் சம்மதமில்லை. நான் அந்தச் சுற்றுலாவுக்குப் போகவில்லை. கடற்கரையில் கிடக்கும் பவளத் துண்டையும் சங்கையும் குழந்தைகள் பொறுக்கினால் அங்கேயே போட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து எடுத்துவிடுவார்கள். ஆசையாக இருந்தால் அனுமதி பெற்ற கடையில் பில்லோடு வாங்குங்கள்.

அந்தச் சும்மா இருக்கும் நாள் படகுத் தாமதத்துக்குத் தேவைப்படாமல் போனால் என்ன செய்வது என்று நண்பர் கேட்டார். நிறைய இருக்கிறது. செல்லுலார் சிறையை அவசரமில்லாமல் பாருங்கள். 1896ல் தொடங்கி 1906ல் முடித்த கட்டடம்; நடுக் கோபுரத்திலிருந்து சைக்கிள் சக்கரக் கம்பிபோல ஏழு சிறகுகள் இருந்தன, இப்போது மூன்றுதான். ஒரு சிறகின் அறைகள் அடுத்த சிறகின் முதுகைப் பார்க்கும்படி கட்டியிருக்கிறார்கள், கைதிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது என்பதற்காக. மாலையில் ஒலி ஒளிக் காட்சி உண்டு. அம்மாவுக்கு உட்கார்ந்தே பார்க்கலாம். காலையில் சாத்தம் மர அறுவை ஆலைக்குப் போய்வாருங்கள். 1883லிருந்து இருக்கிறது, பாலத்தைக் கடந்தால் வந்துவிடும், படகு வேண்டாம். பேரப்பிள்ளைகளுக்கு மரம் அறுப்பதைக் காட்டலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூடியிருக்கும், அதைப் பார்த்து நாளை வைத்துக்கொள்ளுங்கள்.